இல்லறமும் இறையருளும்: திரி திரிக்க ஓர் இடம்

சோழநாட்டுப் பழையாறையில் வாழ்ந்த அமர்நீதி நாயனார் வணிகர் குலத்தில் தோன்றியவர். பொன்னும் மணியும் ஆடையும் விற்று, நேரிய வழியில் பெரும்பொருள் ஈட்டியவர். ஈட்டியதை எதற்காகச் செலவிட வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. சிவனடியார்களுக்கு அமுது படைப்பது, அவர்கள் உடுக்கக் கந்தையும் கீளும் கோவணமும் கொடுப்பது ஆகியவையே அவர் மேற்கொண்ட தொண்டு. அதற்காகத் திருநல்லூரில் மடம் ஒன்றை அமைத்து, குடும்பத்தாருடன் அங்கே தங்கினார்.

அந்த மடத்துக்கு ஒருநாள் இறைவன் பிரமசாரி வடிவில் வந்தார். கையிலிருந்த தண்டில் இரண்டு கோவணங்கள் கட்டியிருந்தன. அவற்றில் ஒன்றை நாயனாரிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் காவிரிக்கு நீராடச் சென்றார். மழையில் நனைந்து திரும்பி வந்து, கொடுத்த கோவணத்தைக் கேட்டார். வைத்த இடத்தில் அது இல்லை. பதறிய நாயனார் வேறு கோவணம் தருவதாகக் கெஞ்சினார். தண்டில் மீதமிருந்த கோவணத்துக்கு ஒத்த எடையில் தந்தால் போதும் என்றார் பிரமசாரி. தராசின் ஒரு தட்டில் அந்த ஒற்றைக் கோவணம் வைக்கப்பட்டது. மறுதட்டில் புதிய கோவணங்கள், பட்டாடைகள், பொன், வெள்ளி, நவமணி என்று நாயனாரின் செல்வம் முழுவதும் ஏறியது. தட்டு தாழவில்லை. இறுதியில் நாயனாரும் மனைவியாரும் மைந்தரும், தாங்கள் செய்த தொண்டில் பிழை இல்லையென்றால் தட்டு நேர்நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, தராசை வலம்வந்து ஏறினர். தராசு நேர்நின்றது.

பெரியபுராணம் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வரலாற்றை அடியாரின் அன்புக்குச் சான்றாகச் சொல்வார்கள். இல்லறத்தாருக்கு அதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. குவித்து வைத்த பொருளுக்கு இல்லாத எடை, ஒரு நோக்கத்துக்காக வாழ்ந்த மூன்று மனிதருக்கு இருந்தது. வயது முதிர்ந்த காலத்தில் வீட்டை ஒழிக்க முற்படுவோர் இந்தத் தராசை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், பெரும்பாலோர் "எதை எறிவது?" என்ற கேள்வியோடு பரணில் ஏறுகிறார்கள். அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு பொருளும் தன் சார்பில் வழக்காடும். "எதற்காக இடம் வேண்டும்?" என்று முதலில் கேட்டுக்கொண்டவருக்குக் கை தானாக நகரும்.

பரணில் உறங்குபவை

அறுபதைக் கடந்தவர்களின் வீட்டுப் பரணில் பொதுவாக மூன்று வகைப் பொருள்கள் இருக்கும். முதல் வகை, நினைவுக்காக வைத்தவை. சீராக வந்த பித்தளை அண்டா, மாமியார் கொடுத்த ஈயச்சொம்பு, பிள்ளை படித்த காலத்து நோட்டுப் புத்தகங்கள் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, அச்சத்தால் வைத்தவை. "என்றைக்காவது வேண்டியிருக்கும்" என்ற ஒரே காரணத்துக்காகக் காத்திருக்கும் அட்டைப் பெட்டிகள், பழுதான மிக்ஸி, கைப்பிடி உடைந்த குடைகள். மூன்றாம் வகைதான் பக்தர்களின் இல்லங்களில் மிகுதி. அவை தெய்வ சம்பந்தம் உடையவை என்பதால் தொடவே தயங்கி வைத்தவை.

கண்ணாடி விரிந்த சாமி படங்கள், ஆண்டுதோறும் சேர்ந்த நாள்காட்டிகள், பிள்ளையார் படம் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகள், யாத்திரை போன ஒவ்வொரு தலத்திலும் வாங்கிய விபூதிப் பொட்டலங்கள், திறக்காத காசிச் சொம்புகள் எனப் பட்டியல் நீளும். குப்பையில் போட மனம் வராது. வைத்துப் பூசிப்பதும் இல்லை. பலர் இவற்றைக் கொண்டுபோய்க் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே மழையில் நனைந்து, நாயும் ஆடும் மிதித்து, கோயில் துப்புரவுப் பணியாளரே இறுதியில் அவற்றை அள்ளுகிறார். வீட்டில் இருந்த மரியாதையும் அந்தப் படங்களுக்கு அங்கே கிடைப்பதில்லை.

இதற்கு எளிய முறைகள் உண்டு. படத்தின் கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே பிரித்து, நல்ல நிலையில் இருந்தால் புதிய படத்துக்குப் பயன்படுத்தலாம். வண்ணம் பூசாத களிமண் விக்கிரகத்தை ஒரு வாளி நீரில் கரைத்துச் செடியின் வேரில் ஊற்றலாம். விபூதியை எல்லாம் ஒரே சம்புடத்தில் கலந்து அன்றாடம் இட்டுக்கொள்ளலாம். பிரசாதம் அணிவதற்கே தரப்படுகிறது. காசிச் சொம்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். அது எந்த வேளைக்கு என்பது வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும். மற்றவற்றை ஒரு நல்ல நாளில் திறந்து பூசையறைச் சாமிக்கு அபிஷேகம் செய்துவிடலாம். கங்கை, அடைபட்டுக் கிடப்பதற்காக வந்தவள் அல்லள்.

கும்பகோணத்து வீடு ஒன்று

கும்பகோணத்தில் அறுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவர். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்ட பழைய ஓட்டு வீட்டில் அம்மையார் தனியாக இருந்தார். மகன் புனேயில், மகள் சென்னையில். குடும்ப ஓய்வூதியம் வந்ததால் அன்றாடச் செலவுக்குக் குறைவில்லை.

ஐப்பசி மழையில் பூசையறை ஓரம் ஒழுகத் தொடங்கியது. ஓடு மாற்றுபவர் வந்து பார்த்தார். பரணை முழுதும் ஒழித்துக் கொடுத்தால்தான் ரீப்பர் கட்டைகளில் கைவைக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தி கேட்ட மகன், "இதற்குச் செலவழிப்பதைவிட வீட்டைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடு அம்மா. அங்கே தனியாக உனக்கு என்ன வேலை?" என்றார். அன்போடு கேட்ட கேள்விதான். ஆயினும் அம்மையாரிடம் அதற்கு விடை இல்லை. கோயிலுக்குப் போவதும் விளக்கேற்றுவதும் வேலை என்று சொல்லலாம். புனேயிலும் கோயில் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. தாம் இந்த வீட்டில் இருக்க வேண்டியதற்கு ஒரு காரணத்தைத் தம்மாலேயே சொல்ல முடியவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

போகிக்கு முன் பரணை இறக்குவது என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து கல்லூரியில் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். முதல் இரண்டு நாட்களில் இறக்கியவற்றைவிட மீண்டும் ஏற்றியவையே அதிகம். ஒவ்வொரு தவலையும் ஒரு கதை சொல்லிற்று. மூன்றாம் நாள் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டி, இந்த இடமெல்லாம் காலியானால் நீங்கள் இங்கே என்ன செய்வீர்கள்?"

அம்மையார் சற்று யோசித்து, "ரேழியை ஒட்டிய காமரா உள்ளில் வெளிச்சம் நன்றாக வரும். அங்கே உட்கார்ந்து பஞ்சு வஸ்திரம் செய்வேன்" என்றார்.

பஞ்சு வஸ்திரம் செய்வதில் அவருக்கு நாற்பது ஆண்டுக் கைப்பழக்கம். கொட்டை நீக்கிய பருத்திப் பஞ்சை விரலால் மெல்ல இழுத்து, சீரான இடைவெளியில் சிறு முகைகள்போல் உருட்டி, ஒவ்வொன்றின் இடுக்கிலும் ஈரக்குங்குமம் தொட்டு மாலையாக்குவார். விரல்நுனியில் விபூதி தொட்டுத் திரித்த விளக்குத் திரியும் அவ்வாறே ஒரே கனமாக இருக்கும். பண்டிகை தோறும் தெருவில் உள்ளவர்களுக்கு அவர்தான் செய்து கொடுப்பார். கணவர் மறைந்த பின் உட்கார இடமின்றி, மனமுமின்றி, அது நின்றுபோயிருந்தது.

அந்த ஒரு விடைக்குப் பிறகு பரண் வேகமாக இறங்கியது. மூன்று அண்டாக்களில் ஒன்று மகளுக்கு. இரண்டு, அன்னதானம் நடத்தும் கோயிலுக்கு, உரிய ரசீதோடு. ஈயச்சொம்பு அடுக்களைக்கே திரும்பி வந்தது. பழுதானவை எடைக்குப் போயின. பதினொரு நாளில் பரணும் காமரா உள்ளும் காலியாயின. மாசியில் ஓடு மாற்றும் வேலை முடிந்தது. "ஒரு வருடம் பார்க்கலாம் அம்மா" என்று மகனும் இறங்கி வந்தார்.

சங்கல்பம் என்னும் ஒழுங்கு

"இந்த வயதில் என்ன இலக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் தாம் நாள்தோறும் ஓர் இலக்கை உரக்கச் சொல்லி வருவதை மறந்துவிடுகிறார்கள். எந்தப் பூசையும் சங்கல்பத்தோடுதான் தொடங்குகிறது. அதன் அமைப்பைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த அயனத்தில், எந்த மாதத்தில், எந்தத் திதியில், எந்த நட்சத்திரத்தில் என்று இடமும் காலமும் முதலில் சொல்லப்படுகின்றன. பிறகு செய்பவர் யார் என்பதும், எதை வேண்டி, எதைச் செய்யப் போகிறார் என்பதும் வருகின்றன. "ஏதாவது நல்லது செய்ய வேண்டும்" என்ற பொத்தாம்பொதுவான சங்கல்பம் சாஸ்திரத்தில் கிடையாது.

பேத்தியின் யோசனைப்படி அம்மையார் ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். பங்குனி முதல் நாள் தொடங்கி ஒரு மண்டலம், அதாவது 48 நாள். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், காமரா உள்ளில். நாளொன்றுக்கு இரண்டு கட்டு. கட்டுக்குப் பத்து வஸ்திரம். தாளைப் பூசையறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தார். 48 நாளில் கைவிரல் ஒத்துழைக்கவில்லை என்றாலும், வாங்குவார் இல்லை என்றாலும், நிறுத்திவிடலாம் என்பதும் அதில் இருந்தது. தொடங்கும் நாள் குறித்தவர்கள், நின்று யோசிக்கும் நாளையும் குறித்துக்கொள்வது முதியோருக்கு மிகவும் தேவை. உடலும் சேமிப்பும் இளமையில் தாங்குவதுபோல் இப்போது தாங்கா.

விலை சொல்லத் தயங்கிய நாக்கு

பேத்தி நாலைந்து படங்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் உறவினர் குழுவுக்கு அனுப்பினாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் தொடங்கினாள். மறுநாளே மூன்று பேர் விலை கேட்டார்கள். அம்மையாருக்கு நாக்கு எழவில்லை. நாற்பது ஆண்டுகளாகச் சும்மா கொடுத்ததற்குக் காசா? சுவாமிக்குச் சாத்தும் பொருளை விற்பதா?

கோயில் வாசலில் பூ விற்பவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. திருநீலகண்ட நாயனார் தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு இலவசமாக அளித்தார். மற்ற மண்கலங்களை விற்றே வாழ்ந்தார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலைவீசிய அதிபத்த நாயனார், அன்றைய மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார், மற்றவற்றை விற்பார். ஒற்றை மீன் மட்டுமே கிடைத்த வறுமை நாட்களிலும் அந்த ஒற்றை மீனைக் கடலில் விட்டார். பொன்மீன் வந்த அன்றும் அவர் நியமம் மாறவில்லை. விற்பதும் இறைவனுக்குக் கொடுப்பதும் ஒரே கையால் நடக்கக்கூடியவை என்பதற்கு இந்த அடியார்கள் சான்று.

அம்மையாரும் அவ்வாறே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஒவ்வொரு நாளும் முதலில் செய்யும் வஸ்திரம் தெருக்கோடிப் பிள்ளையாருக்கு. அதற்குக் கணக்கு இல்லை. அடுத்ததிலிருந்து கணக்கு உண்டு.

அந்தக் கணக்கும் முதலில் தவறாகவே போயிற்று. கட்டுக்கு நாற்பது ரூபாய் என்று சொல்லிவிட்டார். பேத்தி நோட்டைத் திறந்து எழுதிக் காட்டினாள். பஞ்சும் குங்குமமும் 18 ரூபாய், உறை 6 ரூபாய், அட்டைப் பெட்டி 10 ரூபாய். ஆக 34 ரூபாய். இரண்டு மணி நேர உழைப்புக்கு மிச்சம் ஆறு ரூபாய். அஞ்சல் செலவையும் தாமே ஏற்றால் கைநட்டம். விலை 95 ரூபாய் என்றும், அஞ்சல் செலவு வாங்குபவருடையது என்றும் மாற்றப்பட்டன. கேட்டிருந்த மூவரில் ஒருவர் பின்வாங்கினார். மற்ற இருவரும் வாங்கினார்கள். அடுத்த மாதமும் வாங்கினார்கள். தம் உழைப்புக்குத் தாமே மதிப்புக் கொடுக்காதவரிடம் வாங்குபவர் அதை எங்கிருந்து கொண்டுவருவார்?

கைபேசியில் ஒரு திண்ணை

இணைய வணிகம் என்றதும் பெரியவர்கள் மிரள்கிறார்கள். உண்மையில் அது பழைய திண்ணை வியாபாரத்தின் நீட்சிதான். முகம் தெரியாதவரும் திண்ணையில் வந்து உட்காரலாம் என்பது மட்டுமே புதிது. ஆகவே, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், சொன்ன அளவு, சொன்ன நாளில் அனுப்புதல், கேட்ட கேள்விக்கு மரியாதையான பதில் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் வாடிக்கையாளர் ஒருவர் இன்னொருவரை அழைத்து வருவார். எடை குறைந்த, கெட்டுப்போகாத, உடையாத பொருளாக இருப்பது முதியோருக்கு வசதி. திரியும் வஸ்திரமும் இம்மூன்றிலும் தேறுகின்றன.

ஐதராபாத்திலிருந்து ஒருவர், 365 திரி கொண்ட கட்டு கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கார்த்திகைப் பௌர்ணமியன்று, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 திரிகளைச் சேர்த்துக் கட்டி, நெய்யில் தோய்த்து ஏற்றும் வழக்கம் உண்டு. விளக்கேற்றத் தவறிய நாட்களுக்கெல்லாம் அது ஈடாகும் என்பது நம்பிக்கை. அம்மையாருக்கு அது புதிய செய்தி. எண்ணி எண்ணிக் கட்டி அனுப்பினார். அடுத்து அதே தெருவிலிருந்து நான்கு பேர் கேட்டார்கள்.

இடையூறும் வந்தது. ஒருவர் கைபேசியில் அழைத்து, 200 கட்டு வேண்டும் என்றும், முன்பணம் அனுப்புவதற்காகத் தாம் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தும்படியும் அவசரப்படுத்தினார். அம்மையாருக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுநாள் வங்கிக் கிளையில் போய்க் கேட்டார். அங்கிருந்த ஊழியர் ஒரே வாக்கியத்தில் விளக்கினார்: "பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் தேவை அம்மா, பணம் வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை." இந்த வாக்கியத்தை ஒவ்வொரு முதியவரும் கைபேசியின் பின்புறம் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால், தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். வெட்கப்பட்டுக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே சாதகம்.

வரலட்சுமி நோன்புக்கு முன் மெய்யான பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சென்னைக் கடை ஒன்று மூன்று வாரத்தில் 500 கட்டு கேட்டது. ஆலையில் செய்த வஸ்திரத்தை மொத்தமாக வாங்கி, தம் உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். உறையின் மேல் "கையால் செய்தது" என்று அச்சிட்டிருக்கிறதே என்றார் அம்மையார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அதே தெருவில் உள்ள இரண்டு பெண்களை அழைத்துக் கைப்பழக்கம் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் நாளொன்றுக்கு மும்மூன்று, அம்மையார் இரண்டு, ஆக எட்டு. இருபத்தொரு நாளில் 168 வரும். காய்ச்சல், விசேஷம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, 150 கட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் 150ஐ வாங்கிக்கொண்டார். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே சரக்கு போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்கள் செய்த கட்டுகளில் மிஞ்சிய தொகை முழுவதும் அவர்களுக்கே போயிற்று.

வளர்ச்சி என்பதைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்லப்படும் பாடம் வேறு. முதியோருக்கு உரிய பாடம் வேறு. முதியோரின் தொழில் கைக்கு அடங்கி வளர வேண்டும். வெற்றிலைக் கொடிபோல் பந்தலின் அளவுக்குப் படர்ந்தால் போதும்.

ஓராண்டில் அம்மையாருக்குச் செலவு போக மாதம் சுமார் மூவாயிரம் ரூபாய் மிஞ்சியது. பெரிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்கு வந்த மகன், காமரா உள்ளில் மூன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே பஞ்சிழைப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். வீட்டைக் கொடுப்பது பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. ஊருக்குத் திரும்புமுன் ஆளை அழைத்து, கொல்லைப்புறக் குளியலறையில் பிடித்து நடக்கக் கைப்பிடி பொருத்தச் சொன்னார். கோடையில் இரண்டு மாதம் புனேயில், மற்ற நாட்களில் இங்கே என்று ஏற்பாடாயிற்று. "உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி அந்த வீட்டில் மறுபடி எழவில்லை.

கழிக்கக் கூடாதவை

வீட்டை ஒழிக்கும் உற்சாகத்தில் காகிதங்களைக் கட்டோடு எடைக்குப் போடுவது ஆபத்து. பழைய பஞ்சாங்கத்தின் நடுவில் வைப்புநிதி ரசீதை வைக்கும் பழக்கம் முந்தைய தலைமுறைக்கு உண்டு. மேற்சொன்ன அம்மையாரின் வீட்டிலும் கணவருடைய டைரிகளுக்கிடையே நான்கு ரசீதுகள் கிடைத்தன. வங்கியில் விசாரித்ததில் மூன்று எப்போதோ முடிக்கப்பட்டவை. ஒன்று உயிரோடு இருந்தது. இருவர் பெயரிலும் இருந்ததால் அதைப் பெறுவதில் தொல்லை இல்லை. ஒவ்வொரு தாளையும் ஒருமுறை பிரித்துப் பார்த்த பிறகே கழிக்க வேண்டும்.

கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, உயில், காப்பீட்டுப் பத்திரங்கள், ஓய்வூதிய ஆணை ஆகியவை ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது என்பது நம்பிக்கைக்குரிய ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேல் இயங்காத வங்கி வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கி பராமரிக்கும் தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. மாற்றப்பட்டாலும் உரியவரோ வாரிசோ அதே வங்கி மூலம் அதைக் கோரிப் பெறலாம். இத்தகைய தொகைகளைத் தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023இல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கி வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களாகக் குறிப்பிட முடியும். காலமானவர் பெயரே இன்னும் நியமனதாரராக இருக்கிறதா என்று பார்த்து மாற்றுவதும் வீட்டை ஒழிப்பதில் ஒரு பகுதியே.

சிறுதொழில் தொடங்குவோர் அதற்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வூதியம் வரும் கணக்கை யு.பி.ஐ. மூலம் கைபேசியில் இணைக்காமல் இருந்தால், தவறு நேர்ந்தாலும் பெருந்தொகை தப்பும். சிறு, குறு தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் இணையதளத்தில் ஆதார் கொண்டு கட்டணமின்றிச் செய்யலாம். பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. விளக்குத் திரி, விபூதி, பூணூல் போன்ற பூசைப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. வேறு பொருள்களைச் சேர்க்கும்போதும், வெளி மாநிலங்களுக்கு அனுப்பும்போதும் விதிகள் மாறுபடும் என்பதால் ஆடிட்டர் ஒருவரை ஒருமுறை கலந்துகொள்ளலாம். பொடி, ஊறுகாய், பட்சணம் என்று உண்பொருள் விற்பதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இன்றித் தொடங்கக் கூடாது.

எல்லோரும் வியாபாரம் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு அந்த இடம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு, வீட்டிலிருந்தே தையல் தொழில் தொடங்க நினைக்கும் மருமகளின் மேசைக்காக அந்த மூலை வேண்டியிருக்கும். மருமகளுக்காகத் தம் டிரங்குப் பெட்டியை நகர்த்தும் மாமியார், கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவருக்கு எள்ளளவும் குறைந்தவர் அல்லர்.

ஆகவே, முதலில் ஒரு தாளில் நோக்கத்தை எழுதிப் பூசையறையில் வைக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு, ஒரே ஓர் அலமாரித் தட்டை மட்டும் ஒழிக்கலாம். வாரம் ஒரு தட்டு என்றால், ஆடி வெள்ளிகள் முடிவதற்குள் ஓர் அலமாரி காலியாகிவிடும். அவசரம் தேவையில்லை. பெரியவர்கள் தாமே தம் கையால் பிரித்துக் கொடுக்கும் பொருள் ஆசியாகப் போய்ச் சேரும். அவர்கள் காலத்துக்குப் பின் பிள்ளைகள் கண்ணீரோடு பிரிக்க நேர்ந்தால் அதுவே பாரமாகிவிடும்.